நிலத்தை விற்கும் முன் பெங்களூருக்கு ஒரு டிக்கெட் எடுங்கள்

ப்ளஸ் டூ முடித்துவிட்டு பைலட் ஆகத்தான் போகிறேன் என்று நிற்கும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களுக்காகப் பத்திரத்தை பீரோவிலிருந்து வெளியே எடுத்துவிட்ட அப்பா அம்மாக்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் ஒரு ராத்திரி, டெல்லியிலிருந்து வந்த கடைசி ஃபிளைட்டை ஓட்டி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மணப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி. யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். மகனுக்கு பைலட் டிரெய்னிங்கில் சீட் கிடைத்துவிட்டதாம். வெள்ளிக்கிழமைக்குள் 15 லட்சம் கட்ட வேண்டுமாம், இல்லையென்றால் சீட் வேறு பையனுக்குப் போய்விடுமாம். இருக்கிற நாலரை ஏக்கரில் இரண்டரை ஏக்கரை விற்க ஆள் பார்த்து, விலையும் பேசியாகிவிட்டது. "நல்ல எடந்தானான்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்றார்.

பையனுக்கு மெடிக்கல் டெஸ்ட் முடிந்துவிட்டதா என்று கேட்டேன்.

"அவனுக்கு என்ன சார், காய்ச்சல்னு ஒரு நாள் படுத்தவன் இல்ல."

அந்தப் பதிலைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவரிடம் முக்கால் மணி நேரம் பேசினேன். அவரைப் போல இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் போனில் பேச முடியாது, அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் துறையூர்க்காரன். அப்பா கூட்டுறவு வங்கியில் கிளார்க். 2006-ல் புதுப்புது ஏர்லைன்கள் முளைத்துக்கொண்டிருந்தன. பேப்பரைத் திறந்தால் பைலட் பற்றாக்குறை என்று செய்தி. தாத்தா வைத்த தென்னந்தோப்பை விற்று வடக்கே ஒரு ஃபிளையிங் ஸ்கூலில் என்னைச் சேர்த்தார் அப்பா. ஒரு வருஷத்தில் முடியும் என்றார்கள். இரண்டே முக்கால் வருஷம் ஆனது. 2009-ல் லைசென்ஸ் கைக்கு வந்தபோது உலகப் பொருளாதாரமே படுத்துக் கிடந்தது. ஆள் எடுப்பார் யாரும் இல்லை. இரண்டரை வருஷம் திருச்சியில் ஒரு டியூஷன் சென்டரில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்தேன். ஊரில் எல்லோரும் "பைலட்டு" என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் பாதி பாசம், பாதி கேலி. 2011 கடைசியில் வேலை கிடைத்தது. இப்போது ஏர்பஸ் ஏ320-ல் கேப்டன். கதை நல்லபடியாக முடிந்ததே என்று நீங்கள் நினைக்கலாம். என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு அப்படி முடியவில்லை.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம்: வரிசை. முதலில் உடம்பு, அடுத்தது பரீட்சை, பணம் கடைசியில். நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. முதலில் பணத்தைக் கட்டுகிறோம், ஸ்கூலில் போய் உட்கார்ந்த பிறகுதான் பரீட்சை என்று ஒன்று இருப்பது தெரிகிறது, மெடிக்கலில் ஏதாவது இடித்தால் அப்போதுதான் அழுகிறோம்.

உடம்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்தியாவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், அதாவது சிபிஎல், வாங்க க்ளாஸ் ஒன் மெடிக்கல் தேவை. அதற்கு முன்னால் க்ளாஸ் டூ. டிஜிசிஏ, அதாவது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அங்கீகரித்த டாக்டர்கள் சென்னையிலேயே இருக்கிறார்கள். சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். அது ஏற்கப்பட்டதும் க்ளாஸ் ஒன்னுக்கு நேரம் வாங்க வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் போவது பெங்களூரில் விமானப்படை நடத்தும் ஏரோஸ்பேஸ் மெடிசின் நிறுவனத்துக்கு. கண், காது, இசிஜி, ரத்தம், எக்ஸ்ரே, எடை என்று தலை முதல் கால் வரை பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருந்தால் பைலட் ஆக முடியாது என்று இன்னும் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அது தப்பு. கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும், நானே போட்டிருக்கிறேன். ஆனால் அதற்குப் பயந்து லேசர் சிகிச்சை செய்துகொண்டு போகாதீர்கள். அதற்கென்று தனி விதிகள் இருக்கின்றன, முதலில் டிஜிசிஏ டாக்டரிடம் கேளுங்கள்.

நிறம் பார்க்கும் சோதனை மட்டும் வேறு கதை. என்னோடு சேர்ந்த ஒருவன், ஒடிசாக்காரன், நல்ல உயரம், கபடி ஆடுகிற உடம்பு. பணத்தை முழுசாகக் கட்டிவிட்டுத்தான் க்ளாஸ் ஒன்னுக்கு வந்தான். புள்ளிப் புள்ளியாக வண்ண வட்டங்கள் உள்ள புத்தகத்தைத் திருப்பிக் காட்டுவார்கள், அதற்குள் ஒளிந்திருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டும். நாங்கள் 74 என்று படித்த பக்கத்தை அவன் 21 என்று படித்தான். டாக்டர் மறுபடியும் காட்டினார். மறுபடியும் 21. அவ்வளவுதான். சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாதவர்கள் ஆண்களில் நூற்றுக்குச் சிலர் இருக்கிறார்கள். பெரும்பாலோர் அது தெரியாமலே வாழ்ந்துவிடலாம், இந்த வேலைக்கு வந்தால் மட்டும் தெரியும். கட்டிய பணத்தில் அவனுக்கு ஒரு ரூபாய் திரும்பவில்லை. "ரீஃபண்ட் கிடையாது" என்று ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததாம்.

அந்தச் சோதனை ஐந்து நிமிஷ வேலை. உங்கள் ஊர்க் கண் டாக்டரிடமே இந்த வாரம் பார்த்துவிடலாம்.

எடை கூடுதல், ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏற்றம் என்றால் தற்காலிகமாக நிறுத்தி வைப்பார்கள். சரிசெய்துகொண்டு திரும்பப் போகலாம். பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: மெடிக்கல் ஒரு தடவையோடு முடிகிற சமாச்சாரம் இல்லை. வருஷா வருஷம் உண்டு, வயது ஏற ஏற அடிக்கடி வரும். எனக்கு நாற்பதை நெருங்குகிறது. ஒவ்வொரு வருஷமும் அந்த இசிஜி மேஜையில் படுக்கும்போது பள்ளிக்கூடப் பையன் மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

அடுத்தது பரீட்சை. ஏர் நேவிகேஷன், வானிலையைப் படிக்கும் மெட்டியராலஜி, ஏர் ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் ஜெனரல், டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக் என்று ஐந்து தாள்கள். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். இதற்கு மேல் ரேடியோவில் பேசுவதற்கு ஆர்டிஆர் என்று தனி லைசென்ஸ். ப்ளஸ் டூவில் பிசிக்ஸும் கணக்கும் படித்திருக்க வேண்டும். காமர்ஸ் படித்தவர்கள் அந்த இரண்டு பாடங்களை மட்டும் திறந்தநிலைப் பள்ளியில், அதாவது என்ஐஓஎஸ்ஸில், எழுதித் தேறி வந்திருக்கிறார்கள். டிஜிசிஏவிடம் கம்ப்யூட்டர் நம்பர் என்கிற பரீட்சைப் பதிவு எண்ணை வாங்கிவிட்டால் இந்தத் தாள்களை வீட்டிலிருந்தே படித்துவிட்டுப் போய் எழுதலாம். இதற்கு ஃபிளையிங் ஸ்கூலில் சேர்ந்திருக்க வேண்டும் என்றில்லை. இதைத்தான் ஏஜென்ட்கள் வாயைத் திறந்து சொல்வதில்லை. பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்வந்துகொண்டே ஐந்து தாளையும் முடித்த பெண் ஒருத்தியை எனக்குத் தெரியும். பெரம்பலூர்க்காரி.

தாள்களை முதலில் எழுதச் சொல்வதில் பணத்தைத் தாண்டி ஒரு காரணம் இருக்கிறது. பைலட் வேலையின் நிஜ ருசி அந்தப் புத்தகங்களில்தான் முதலில் தெரியும். காற்று இந்தப் பக்கம் 30 நாட் வீசினால் மூக்கை எத்தனை டிகிரி அந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று ஒரு வட்டத் தகட்டைச் சுழற்றிக் கண்டுபிடிப்பது உங்களுக்கு அலுப்பாக இருந்தால், ஆகாயத்தில் போய் அது இனிக்கப்போவதில்லை. எல்லோரும் பயப்படுகிற பாடம் மெட்டியராலஜி. நம் பிள்ளைகள் அதற்குப் பயப்படவே கூடாது என்பேன். சித்திரை வெயிலில் மத்தியானம் வரை கொளுத்தி, நாலு மணிக்கு மேற்கே கறுத்து, மண் வாசனையோடு குளிர்ந்த காற்று வீசியதும் களத்தில் காயும் மிளகாயை அள்ளச் சொல்லும் அப்பத்தா உங்கள் வீட்டில் இருந்திருப்பார். அந்தக் குளிர்ந்த காற்று இடிமேகத்திலிருந்து கீழே விழுந்து தரையில் பரவும் காற்று. புத்தகத்தில் அதற்கு டவுன்டிராஃப்ட், கஸ்ட் ஃபிரண்ட் என்று பெயர். அதற்குள் விமானத்தைக் கொண்டு போகக்கூடாது என்பதுதான் பாடம். அப்பத்தாவுக்கு முன்கூட்டியே தெரிந்த பாடம்.

தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் என்னிடம் ரகசியமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இங்கிலீஷ் வருமா? வரும். சர்வதேச அளவுகோலில் ஆறு நிலைகள், குறைந்தது நாலாம் நிலை வேண்டும். அமெரிக்கக்காரர் மாதிரி பேச வேண்டாம், தெளிவாகப் பேசினால் போதும். ரேடியோ இங்கிலீஷ் தனி பாஷை. அதில் மூன்று "டிரீ", ஐந்து "ஃபைஃப்", ஒன்பது "நைனர்". இரைச்சலில் ஒன்று இன்னொன்றாகக் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி. டவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். புரியவில்லை என்றால் "சே அகெய்ன்" என்று கேட்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு, கேட்டுவிட்டது என்ற அர்த்தத்தில் "ரோஜர்" சொல்கிறவனைக் கண்டால்தான் எனக்குப் பயம். இங்கிலீஷ் சரளமாக வரும் பையன்களிடம் அந்த வெட்கம் அதிகம் என்பது என் அனுபவம்.

சரி, மெடிக்கல் ஆயிற்று, தாள்களில் குறைந்தது மூன்று முடிந்தது. இப்போதுதான் ஸ்கூல்.

சிபிஎல்லுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் நீங்களே பொறுப்பில் இருந்து ஓட்டியது; 300 நாட்டிக்கல் மைல் தூரம் இரண்டு வேறு ஏரோட்ரோம்களில் இறங்கி ஏறி முடித்த ஒரு பயணமும், ராத்திரிப் பறத்தலும் உண்டு. இந்த 200 மணி நேரத்தை வைத்து ஒரு கணக்குப் போடுங்கள். ஸ்கூலில் 60 மாணவர்கள், பறக்கிற நிலையில் 4 விமானங்கள் என்று வைத்துக்கொள்வோம். 60 பேருக்கு 200 என்றால் 12,000 மணி நேரம். ஒரு விமானம் நாளுக்கு 5 மணி நேரம் பறந்தால் நாலுக்கும் சேர்த்து 20. வகுத்தால் 600 நாட்கள். ஒரு நாள் மழை இல்லாமல், ஒரு நாள் மூடுபனி இல்லாமல், இன்ஸ்ட்ரக்டர் ஒருவரும் ஏர்லைனுக்குத் தாவாமல், விமானம் 100 மணி நேரத்துக்கொரு முறை இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகாமல், ஞாயிறு தீபாவளி எதுவும் இல்லாமல் 600 நாட்கள். "பன்னிரண்டு மாதத்தில் முடித்துத் தருகிறோம்" என்கிற மேனேஜரிடம் இந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டுங்கள். முகத்தைப் பாருங்கள்.

"பறக்கிற நிலையில்" என்பதை வேண்டுமென்றேதான் சொன்னேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நண்பர் ஒருவரின் மகளுக்காக ஒரு ஸ்கூலைப் பார்க்கப் போனேன். பெயர் வேண்டாம். புரோஷரில் ஏழு விமானங்கள். ஏசி ரூமில் காபி கொடுத்தார்கள், சீருடை போட்ட பையன்களின் படங்களைக் காட்டினார்கள். விமானங்களை நிறுத்தும் ஹேங்கரைப் பார்க்கலாமா என்றதும் "பாதுகாப்பு" என்று இழுத்தார்கள். விடாமல் கேட்டுப் போனேன். இரண்டு செஸ்னா விமானங்களுக்கு எஞ்சினே இல்லை. அது இருந்த இடத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தது. இன்னொன்று டயரில் காற்றில்லாமல் சாய்ந்து நின்றது, அதன் வால் பக்கத்தில் குருவி கூடு கட்டியிருந்தது. வெளியே வெயிலில் இரண்டு நின்றன. ஏழில் மீதி இரண்டு எங்கே என்று கேட்கவில்லை, நண்பருக்கு அதற்குள் புரிந்துவிட்டது.

அதனால் ஸ்கூலைத் தேடிப் போனால் ஆபீஸுக்கு முதலில் போகாதீர்கள். வாசலுக்கு எதிரே டீக்கடை இருக்கும். காலை பத்து மணிக்கு அங்கே மாணவர்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தால் அதுவே பாதி விடை. நல்ல வானிலையில் அந்த நேரத்துக்கு அவர்கள் மேலே இருக்க வேண்டும். கடைசியாக லைசென்ஸ் வாங்கிய பையன் எந்தத் தேதியில் சேர்ந்தான், எந்தத் தேதியில் முடித்தான் என்று மட்டும் கேளுங்கள். டிஜிசிஏவும் 2025-லிருந்து ஃபிளையிங் ஸ்கூல்களுக்குத் தர வரிசை வெளியிடுகிறது, பாருங்கள். ஆனால் டீக்கடையை விட்டுவிடாதீர்கள். பணத்தை மொத்தமாகக் கட்டவே கூடாது. இத்தனை மணி நேரம் பறந்தால் இவ்வளவு என்று தவணையாக, நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள். தவணைக்கு ஒத்துக்கொள்ளாத ஸ்கூலுக்கு உங்கள் பணம் வேறு எதற்கோ அவசரமாகத் தேவைப்படுகிறது என்று அர்த்தம்.

அமேதி மாவட்டம் ஃபர்சத்கஞ்சில் மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி இருக்கிறது. நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர முடியும், எழுதிப் பாருங்கள். நம் சேலம் ஏர்போர்ட்டையும் 2022-ல் பயிற்சிப் பள்ளிக்கு இடம் தரும் பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. வெளிநாட்டுக்குப் போனால் வானிலையும் விமானமும் தாராளமாகக் கிடைக்கும், சீக்கிரம் முடியும். ஆனால் திரும்பி வந்து இந்திய லைசென்ஸாக மாற்ற இங்கேயும் பரீட்சை எழுத வேண்டும். அந்தச் செலவையும் அந்த மாதங்களையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டு பறப்பதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே என்று தோன்றும். ஒரு காலைப் பொழுதைச் சொல்கிறேன். என் பயிற்சியின் 40-வது மணி நேரத்தைச் சுற்றி இருக்கும். ராத்திரி முழுக்க மழை, காலையில் வெளுத்துவிட்டது. எனக்கு முதல் ஸ்லாட். பறக்கும் முன் இறக்கைக்கு அடியில் ஒரு வால்வை அழுத்தி, சின்ன பிளாஸ்டிக் குவளையில் கொஞ்சம் பெட்ரோலைப் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அந்தப் பெட்ரோல் லேசான நீல நிறத்தில் இருக்கும். அன்று குவளையின் அடியில் கண்ணாடி மாதிரி ஒரு குமிழி உருண்டுகொண்டிருந்தது. தண்ணீர். கொட்டிவிட்டு மறுபடி பிடித்தேன், மறுபடியும் குமிழி. மூன்றாவது தடவையும். பின்னால் நின்ற பையன் "லேட் ஆகுது, விடுடா, போகப் போக சரியாயிடும்" என்றான். எனக்கும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. ஒரு ஸ்லாட் போனால் அடுத்தது மூன்று நாள் கழித்து. எங்கள் இன்ஸ்ட்ரக்டர், விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், பக்கத்தில் வந்து குவளையை வாங்கி முகர்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பீடி பற்றவைக்கப் போனவர், விமானம் பக்கத்தில் நிற்பது நினைவுக்கு வந்து பீடியைச் சட்டைப் பையில் திரும்ப வைத்தார். குமிழி இல்லாத குவளையை நான் காட்டும் வரை, பதினோரு தடவை, அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஸ்லாட் போயிற்று. அன்று நான் பறக்கவே இல்லை.

இந்த வேலையில் பெரும்பகுதி அந்தக் குவளைதான். அதைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பொறுமை உள்ளவனா உங்கள் பையன் என்பதை அவனுடைய மார்க் ஷீட் சொல்லாது.

இதையொட்டியே இன்னொரு விஷயம். எங்கள் கூட்டத்தில் "பார்க்கர் ஹவர்ஸ்" என்று ஒரு கேலி உண்டு. ஆகாயத்தில் பறக்காமல் பார்க்கர் பேனாவால் லாக்புக்கில் பறந்த மணி நேரம். விமானம் இல்லை, எரிபொருள் இல்லை, மாணவனுக்கு அவசரம், ஸ்கூலுக்கும் அவசரம். "எழுதிக்கோ, பார்த்துக்கலாம்" என்பார்கள். 2011-ல் போலி மதிப்பெண் பட்டியல்களோடு லைசென்ஸ் வாங்கியவர்கள் பிடிபட்டார்கள், பறக்காத மணி நேரத்தை எழுதிய விவகாரமும் சேர்ந்து வெளியே வந்தது. கைதானார்கள், லைசென்ஸ் போனது. ஆனால் நான் சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. என்னிடமும் 2008-ல் ஒருவர் 12 மணி நேரம் எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதவில்லை; அதனால் எனக்கு நாலு மாதம் கூடுதலாக ஆனது. அந்த நாலு மாதத்தில்தான் பக்கக்காற்றில் இறங்கக் கற்றுக்கொண்டேன்.

பணத்துக்கு வருகிறேன். இன்றைக்கு சிபிஎல்லுக்கு மட்டும் அரைக் கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஏ320 அல்லது போயிங் 737 ஓட்ட டைப் ரேட்டிங், அது தனியாகப் பல லட்சம். ஏர்லைன்களே நடத்தும் கேடட் திட்டங்கள் எல்லாம் சேர்த்து ஒரு கோடியைத் தொடும். பாதை தெளிவாக இருக்கும், கையில் இருப்பவர்களுக்கு அது நல்லதுதான். வங்கிக் கடன் என்றால் ஏழரை லட்சத்துக்கு மேல் போனாலே பெரும்பாலும் சொத்து அடமானம் கேட்பார்கள். 50 லட்சத்தை 11 சதவீத வட்டியில் பத்து வருஷத்துக்கு வாங்கினால் மாதம் 69 ஆயிரம் ரூபாய் தவணை. படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. இரண்டு வருஷத்துக்கு அதுவே 11 லட்சம். வேலை கிடைக்க இன்னும் இரண்டு வருஷம் ஆனால் அந்தத் தவணையை யார் கட்டுவது? இந்தக் கேள்விக்குப் பதில் வீட்டில் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து பேசியாக வேண்டும். பட்டியல் இனத்துக் குடும்பங்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் சிபிஎல் படிப்பும் இருக்கிறது. வருமான வரம்பு இரண்டரை லட்சம். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேளுங்கள். தெரியாது என்பார்கள், விதியைக் காட்டச் சொல்லி மறுபடியும் கேளுங்கள்.

ஏஜென்ட்கள் சொல்லும் பெரிய வாதம் ஒன்று இருக்கிறது. 2023-ல் இண்டிகோ ஒரே நேரத்தில் 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது, ஏர் இந்தியா 470-க்குக் கொடுத்தது. 2025 டிசம்பரில் பைலட் ஓய்வு விதி மாறியபோது போதுமான ஆள் இல்லாமல் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. பார்த்தீர்களா, பைலட்டே இல்லை, உங்கள் பையனுக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. ஆர்டர் கொடுத்த விமானங்கள் பத்து வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வரும். ஏர்லைன்களுக்குக் குறைவது கேப்டன்கள், பல ஆயிரம் மணி நேரம் பறந்தவர்கள். 200 மணி நேரக்காரர்களுக்குக் குறைவில்லை. 2023-ல் மட்டும் டிஜிசிஏ 1,600-க்கு மேல் சிபிஎல் கொடுத்தது. ஏர்லைன்கள் அத்தனை பேரையும் அதே வருஷம் எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம், கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது, கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. ஒவ்வொரு தடவையும் அனுபவசாலிகள் நூற்றுக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். புதுப் பையன் அவர்களுக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க வேண்டும். இந்தத் தொழிலில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். நீங்கள் சேரும்போது ஏற்றமாக இருந்தால் முடிக்கும்போது இறக்கமாக இருக்கலாம். எனக்கு அப்படித்தான் நடந்தது.

அதனால் அஞ்சல் வழியிலாவது ஒரு டிகிரி கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை உறுதியாகாமல் சொந்தக் காசில் டைப் ரேட்டிங் செய்யாதீர்கள். தொட்டுக்கொண்டே இருக்காவிட்டால் அது துருப்பிடிக்கும், புதுப்பிக்க மறுபடியும் காசு.

பெண் பிள்ளைகளின் அப்பாக்களுக்கு ஒன்று. "பொண்ணுக்கு எதுக்கு சார் இவ்வளவு" என்று என்னிடம் கேட்காதீர்கள். பைலட்களில் பெண்களின் பங்கு உலகச் சராசரியைவிட இந்தியாவில் இரண்டு மடங்குக்கு மேல். கோ-பைலட்டாக என் வலது பக்கம் உட்கார்ந்து நல்ல மழையில் என்னைவிட மென்மையாக இறக்கிய பெண்கள் பலர். சம்பளத்தில் வித்தியாசம் கிடையாது.

அம்மாக்கள் கேட்பது வேறு. 2025 ஜூன் 12, அகமதாபாத்துக்குப் பிறகு எனக்கு வந்த போன்களில் பாதி அம்மாக்களுடையது. அந்த விபத்தின் காரணத்தைப் பற்றி நான் ஊகித்துப் பேச மாட்டேன், பேசுகிறவர்களை நம்பவும் வேண்டாம். பயம் இல்லை என்று பொய் சொல்லவும் மாட்டேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எங்களை சிமுலேட்டரில் உட்கார வைத்து எஞ்சினை அணைக்கிறார்கள், தீ வைக்கிறார்கள். அதைச் சமாளித்துக் காட்டினால்தான் அடுத்த ஆறு மாதம் வேலை. என் அம்மாவிடம் இதைத்தான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், ஆனாலும் சமயபுரத்துக்கு நேர்ந்துகொள்வதை நிறுத்தவில்லை.

வேலையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ராத்திரி இரண்டரைக்கு அலாரம். ஏர்போர்ட் போனதும் குழாயில் ஊத வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன்பிருந்தே குடி கூடாது என்பது விதி, மவுத்வாஷ் கூட ஆகாது. பாதி வருஷங்களில் பொங்கலுக்கு வீட்டில் இருக்க மாட்டீர்கள். ஆனால் மார்கழி விடியலில் மேகத்துக்கு மேலே ஏறி வரும்போது கிழக்கே தெரியும் அந்த ஆரஞ்சுக் கோட்டைப் பதினாலு வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

மணப்பாறைக்காரரிடம் அன்று என்ன சொன்னேன் என்று முடிக்கிறேன். தரையிறங்கும்போது வேகமோ உயரமோ ஒழுங்காக அமையாவிட்டால் நாங்கள் இறங்க மாட்டோம். எஞ்சினை முறுக்கி மேலே ஏறி இன்னொரு சுற்று வருவோம். அதற்காக எங்களை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. வெள்ளிக்கிழமைக் கெடுவை விடுங்கள், இன்னொரு சுற்று வாருங்கள் என்றேன். "சீட்டு போயிடுமே சார்" என்றார். போகாது, அடுத்த வெள்ளிக்கிழமையும் அவர்களே போன் பண்ணுவார்கள் என்றேன்.

பண்ணினார்களாம். இந்தத் தடவை 12 லட்சம் போதும் என்றார்களாம்.

பையன் க்ளாஸ் டூ முடித்துவிட்டான். கண் டாக்டரிடம் 74-ஐ 74 என்றுதான் படித்திருக்கிறான். பெங்களூருக்குத் தேதி கிடைத்ததும் திருச்சியிலிருந்து மைசூரு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் போய்விடலாம், ரத்தம் எடுப்பதால் வெறும் வயிற்றோடு போகச் சொல்லியிருக்கிறேன். பழைய கண்ணாடிச் சீட்டு, ஆதார், சின்ன வயதில் காதில் ஆபரேஷன் செய்ததற்கான பேப்பர் எல்லாம் ஒரு ஃபைலில். காதுச் சோதனையில் என்ன வருகிறது என்று பார்த்துவிட்டு அந்த இரண்டரை ஏக்கரைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
துறையூரிலிருந்து கிளம்பிய ஒரு கேப்டன்